இருபத்து மூன்று கிராம்

ஞாயிறு கூட்டுறவு வங்கிக்கு விடுமுறை.
தராசைத் துணியால் மூடிவிட்டு
கோடியக்கரை பஸ் ஏறினேன்.
இருபுறமும் உப்பளம், கீற்று வேய்ந்த வெள்ளை அம்பாரங்கள்.
யாரோ மலைகளை அடகு வைத்துவிட்டு
மீட்க வராதது போல.
(தொழில் புத்தி. மன்னிக்க.)

டிக்கெட் கிழித்த வாட்ச்சர் பெயர் வைரக்கண்ணு.
"மான் பாக்கணும்னா மேற்கால போங்க.
குதிரைக்கு எங்கயும் போகவேணாம்,
அதுவே வந்து வழியில நிக்கும்."
நின்றது.
விலா தெரிய, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மட்டக்குதிரை
கஜா சாய்த்த பாலைமரத்தில்
முதுகைத் தேய்த்துக்கொண்டு.
படுத்த மரம் படுத்தபடியே துளிர்த்திருந்தது.

தூரத்தில் வெளிமான்கள்.
முறுக்குக் கொம்புக்காரன் ஒருவன் தலை தூக்கி
என்னை மதிப்பிட்டான்.
குறைத்துத்தான் போட்டிருக்க வேண்டும்,
மறுபடி மேயத் தொடங்கினான்.

சதுப்போரம் தார்ப்பாய்ப் பந்தல்.
முழங்கால்வரை சேற்றோடு ஜெசிந்தா என்றொரு பெண்.
இரவு வலையில் விழுந்த பறவைகள்
சின்னத் துணிப்பைகளில் வரிசையாய்த் தொங்கின.
ஒவ்வொரு பையும் மெல்ல மூச்சு விட்டது.
என் மேசைக்கு வந்த சுருக்குப்பை எதுவும்
மூச்சு விட்டதில்லை.

பையோடு நிறுத்தாள்.
பறவையை எடுத்து, வெறும் பையை நிறுத்தாள். கழித்தாள்.
அடடா, இதைத்தானே செய்கிறேன் இருபத்தாறு வருடமாய்:
கல் கழித்து, அரக்கு கழித்து, அழுக்கு கழித்து,
அழுகையைக் கணக்கிலேயே சேர்க்காமல்.

கொசு உள்ளான். இருபத்து மூன்று கிராம்.
மூன்று பவுனுக்கு ஒரு கிராம் குறைவு.
இந்த எடையோடு சைபீரியாவிலிருந்து வருமாம்.
இந்த எடைக்கு நான் தந்திருக்கிறேன்
நாலு மா நடவுக்கூலி,
இரண்டு மூட்டை யூரியா,
ஒரு செமஸ்டர் ஃபீஸ்.

"இதுக்கு ஏற்கெனவே வளையம் இருக்கு" என்றாள்.
அலுமினியம். உப்பு தின்று தேய்ந்திருந்தது.
கடைசி எண் மூன்றா, எட்டா?
போனில் படம் பிடித்துப் பெரிதாக்கினாள்.
பளபளப்புதான் பெரிதானது.

என் சட்டைப்பையில் லென்ஸ் உண்டு,
கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும்கூட.
குனிந்தேன்.
தேய்ந்த மோதிரத்தில் பெயர் படிக்கும் வித்தைதான்:
எழுத்தைத் தேடாதே,
எழுத்து இருந்த பள்ளத்தைத் தேடு,
வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடி.
எண் ஆடியது.
என் கை நடுங்குகிறதென்று நினைத்தேன்.
அதன் இதயம்.

"எட்டு."

நோட்டைப் புரட்டினாள்.
எட்டென்றால் இதே சதுப்பு,
ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு மார்கழி.
ஒன்பது முறை போய்
ஒன்பது முறை திரும்பியிருக்க வேண்டும்.
இடையில் கஜா வந்து போனது
அதற்குத் தெரியுமோ என்னவோ.

என் லெட்ஜரிலும் ஐப்பசியில் வந்திறங்கும்,
தோடுகள், தாலிக்குண்டுகள், சம்பா நடவுக்கு.
அறுப்பு முடிந்து பங்குனியில் கிளம்பிப் போகும்.
எல்லாம் போகாது.
மேட்டூர் திறக்காத வருடம்
பேப்பரில் ஏல விளம்பரம் போடுவோம்.
தலைஞாயிறு செங்கமலம் ஒரே தோட்டைப் பத்துத் தடவை வைத்தாள்.
ஒவ்வொரு தடவையும் கடுகளவு குறைந்திருக்கும்.
"காது தின்னுடுச்சு சார்" என்பாள்.
பத்தாவது தடவை அவள் மீட்கவில்லை.
எடை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.
முகம் சரியாக இல்லை.

புது வளையம் மாட்டி
என் உள்ளங்கையில் வைத்தாள் ஜெசிந்தா.
"விரல விரிச்சாப் போதும்."
விரித்தேன். போகவில்லை.
எடை போடாமலிருக்கத் தெரியாத கை இது.
போட்டது: இருபத்து மூன்று.
இருபத்து மூன்று.
பிறகு ஒன்றுமில்லை.

திரும்பும் பஸ்ஸில் பார்த்தேன்,
உள்ளங்கையில் வெள்ளையாய் ஒரு துளி எச்சம்.
அகஸ்தியம்பள்ளிவரை துடைக்கவில்லை.
அப்புறம் கண்டக்டர் வந்தார்,
சில்லறைக்குப் பையில் கைவிட வேண்டியிருந்தது.